மூன்றாவது காரணம்

எங்கள் ஒழுங்கையில் ஆருக்காவது கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மின்சார சபைக்கு, தபால் கந்தோருக்கு, கோயில் மண்டபத்துக்குக் காசு தாற லண்டன் சனத்துக்கு. ஏ.எல்லில் தமிழுக்கு ஏ எடுத்ததால் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பிரயோசனம் அது. 2023 சித்திரையில் அப்படி எழுதின ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றாவதை நான் எழுதியிருக்கக் கூடாது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் பத்து நிமிசம். அம்மம்மா கலியாணம் முடித்து வந்தபோது ஒழுங்கையில் ஏழு வீடுதானாம். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் வாடகைக்கு இருந்து, பிறகு காணி வாங்கி, இங்கேயே தங்கிவிட்டது. சண்டை முடிந்த பிறகு கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பின்பக்கம் ஒரு அறையோ மேலே ஒரு மாடியோ முளைத்தது. இப்போது முப்பத்தைந்து வீடு. ஒழுங்கையின் அகலம் மட்டும் அம்மம்மா வந்த நாளில் இருந்த அதே பத்தடி.

ஒழுங்கை முடிகிற இடத்தில் 14 பரப்பு வயல். (வடக்குக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு: ஒரு பரப்பு பத்துப் பேர்ச்.) உரிமைக்காரர் கனடாவில். எனக்கு நினைவு தெரிந்து அதில் ஆரும் விதைக்கவில்லை. மாடு மேயும், பெடியங்கள் கிரிக்கெட் அடிப்பாங்கள், மாரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணி நிற்கும். அங்கே இருந்து மெல்ல மெல்லக் குளத்துக்குப் போகும்.

2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் காஸுக்கு வரிசையில் நின்ற காலம். அதே காலத்தில் வெளிநாட்டுக் காசுக்கு இங்கே காணி மலிவாகத் தெரிந்தது. அடுத்த வருசப் பங்குனியில் வயலுக்குள் முதலாவது டிப்பர் கிறவலைக் கொட்டியது. மூன்றாம் நாள் ஒரு பலகை வந்தது. 18 துண்டுகள், தண்ணி, கரண்ட் வசதியுடன், ஒரு போன் நம்பர்.

கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. வழமையாக வருசத்துக்கு ஒருக்கால் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குக் கூடுகிற கூட்டம். அன்றைக்குக் கதிரை காணாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். தலைமை, ஓய்வுபெற்ற அதிபர் சேர்.

முதல் அரை மணித்தியாலம் நல்ல கூட்டம்தான். வயலை மூடினால் மாரித் தண்ணி எங்கே போகும்? 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது வயல் திறந்து கிடந்தும் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணி. இனி என்ன கதி? அடுத்தது கிணறு. எங்களுக்கு ஆறு இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. மலசலகூடக் குழியில் இருந்து கசிகிறதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. இருக்கிறது போதாதென்று பக்கத்தில் இன்னும் 18 குழி வந்தால் கிணறு என்னாகும்?

பிறகு, பின்வரிசையில் இருந்து ஒரு மாமா கேட்டார்: "அது சரி, ஆர் வாங்கினமாம்?"

இன்னொரு குரல்: "என்ன ஆக்களாம்?"

வடக்கில் வளர்ந்த ஆருக்கும் இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 'ஆக்கள்' என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறது. எந்த ஊர், எந்தச் சமயம், என்ன தொழில் என்பதெல்லாமும் அதற்குள்தான். கேட்டவர் எதையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதுதான் அந்தச் சொல்லின் வசதி. அதற்குப் பிறகு தண்ணியைப் பற்றி ஆரும் கதைக்கவில்லை. "கோயில் ஒழுங்கை இது", "பொம்பிளைப் பிள்ளையள் போய் வாற பாதை", "கண்ட கண்ட வெளியாக்கள் வந்தால் பிறகு சொல்லி வேலையில்லை." சந்திக் கடைக்கார அண்ணை, "கடையைப் பாக்கோணும்" என்று எழும்பிப் போனார். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"பிள்ளை, நீ வடிவா எழுதுவாய். நாளைக்குள்ளை முடி" என்றார் சேர். "வீட்டுக்காரர் மட்டும் கையெழுத்து வைச்சால் காணும்."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரவோடு இரவாக எழுதினேன். காரணம் ஒன்று, வெள்ளம். காரணம் இரண்டு, கிணறு. காரணம் மூன்று: "எமது கிராமத்தின் பாரம்பரியச் சூழலுக்குப் பரிச்சயமற்ற வெளியார் பெருமளவில் குடியேறுவதால் இங்கு நிலவும் ஒழுக்கமும் பண்பாடும் சீர்குலையும் அபாயமுள்ளது." கூட்டத்தில் பச்சையாகச் சொன்னதை நான் சலவை செய்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தபோது பிழையாகவே தெரியவில்லை. நல்ல தமிழில் எழுதினால் எதுவும் நல்லதாகத் தெரியும் போல.

அடுத்த நாள் பின்னேரத்துக்குள் 31 கையெழுத்து. கடிதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பின் அறை அக்கா வாடகைக் காசு கொடுக்க வந்தா. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து கம்பஸுக்கு வந்து, இரண்டு வருசமாக எங்கள் வீட்டில் இருக்கிறா. அம்மா காசை எண்ணும் வரை சும்மா நின்றவ, கடிதத்தை எடுத்து வாசித்தா. வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா.

"ஏன் தங்கச்சி, இதுல நாங்களும் வெளியாளுங்கதானே?"

"ஐயோ அக்கா, உங்களை இல்லை" என்றேன். சொன்ன உடனேயே அது எவ்வளவு கேவலமான பதில் என்று விளங்கியது. உங்களை இல்லையென்றால் ஆரை?

அவ சண்டை பிடிக்கவில்லை. "மொத காரணம் சரிதான். ஆனா தண்ணி எங்க அடைக்குதுனு நீங்க எழுதவே இல்லையே. வாங்க காட்டுறேன்" என்று தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. சுவரில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு மண்ணிறக் கோடு. ஒவ்வொரு மாரியும் வருகிற கோடு. அவவின் புத்தகப் பெட்டி செங்கல்லுக்கு மேலே இருந்தது. எனக்கு அந்த அறை தெரியும், செங்கல்லும் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை.

"இந்த அறைக்கு அடியில வாய்க்கா இருந்திச்சாம். கடைக்கார அண்ணன் சொன்னாரு."

இருந்தது. எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு வாய்க்கால். ஒழுங்கைத் தண்ணி அதற்குள்ளால் போய் வயலில் விழும், வயலில் இருந்து குளத்துக்கு. 2011இல் அப்பா மதில் கட்டியபோது அந்த மூன்றடியை உள்ளுக்கு எடுத்துவிட்டார். பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில், கேட்க ஆள் இல்லை. பிறகு அதற்கு மேலே பின் அறை. அந்த அறை வாடகையில்தான் என் ரியூசன் காசு போனது.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். "இந்த ஒழுங்கையிலை மதிலைத் தள்ளிக் கட்டாத ஒரு வீட்டைக் காட்டு பாப்பம்." அது உண்மைதான். காட்ட முடியாது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி, "வயல் இருந்ததாலை தெரியேல்லை" என்றார்.

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருசமாக நாங்கள் ஒவ்வொருவரும் இரண்டடி மூன்றடி என்று எடுத்ததையெல்லாம் அந்த வயல் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. இப்போது அதை விற்கும்போது எங்களுக்குச் சூழல் ஞாபகம் வருகிறது.

ஆனால், நாங்களும் பிழை விட்டோம் என்பதற்காக வயலை மூடுவது சரியாகிவிடாது. கடிதத்தைக் கொடுக்காமல் அப்படியே விடவும் மனம் வரவில்லை. சேரிடம் இரண்டு கிழமை தவணை கேட்டேன். அந்த இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. அதற்குள் நான் அறிந்தவற்றை எழுதுகிறேன், உங்கள் ஊரிலும் உதவும்.

ஒன்று. எங்கள் கடிதத்தை வாசிக்க மக்கள் தெரிவு செய்த ஒருவரும் அப்போது சபையில் இல்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்துவிட்டது, தேர்தலையும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். (அது நடந்தது 2025 மே மாதத்தில்.) இடைப்பட்ட காலம் முழுக்கச் செயலாளரும் உத்தியோகத்தர்களும்தான். காணி துண்டாடுவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நான் சபையிடம் அந்த 18 துண்டுக்கான வரைபடத்தின் பிரதியையும், அனுமதி கொடுத்தாகிவிட்டதா என்பதையும் கேட்டேன். பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அனுமதி கொடுபடவில்லை. அனுமதி வரமுதலே கிறவல் வந்துவிட்டது.

மூன்று. அந்தக் காணி கமநல சேவை நிலையத்தில் இன்னமும் வயலாகத்தான் பதிவாகி இருக்கிறது. விதைக்காமல் விட்டாலும் வயல் வயல்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை மண் போட்டு மூட முடியாது. கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவருக்கும், எனக்கும்தான், இது தெரிந்திருக்கவில்லை.

நாலாவது, ஒரு கணக்கு. வீட்டுக் காணி ஒன்றைக் குறைந்தது 150 சதுர மீற்றராகப் பிரிக்கலாம். கிட்டத்தட்ட ஆறு பேர்ச். வரைபடத்தில் இருந்த துண்டுகள் அதற்குச் சற்று மேலே. ஆறு பேர்ச் என்றால் சுமார் 1,633 சதுர அடி. சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு நாற்பது அடி, மூலைக்கு மூலை ஐம்பத்தேழு அடி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்று அம்மம்மா காலத்தில் இருந்து கேட்டு வருகிறோம். ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் குழி என்றால் சரிவரும். ஆனால் உங்கள் கிணற்று மூலை, பக்கத்துக் காணிக்காரரின் எந்த மூலையோடு முட்டுகிறது? அவர் தன் குழியை எங்கே வெட்டுவார்? ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சட்டப்படி சரியாக இருந்தும், எல்லாம் சேரும்போது கிணறு பழுதாகலாம். 'பண்பாடு' பற்றி எழுதின என் நாலு வரியைவிட இந்தக் கணக்கு எவ்வளவோ பலமானது. ஒரு பென்சிலும் கொப்பியும் இருந்தால் செய்யலாம்.

இரண்டாவது கூட்டத்தில் புதுக் கடிதத்தை வாசித்தேன். கால் நடுங்கியது. மூன்றாவது காரணம் இல்லை. அதன் இடத்தில் இப்படி இருந்தது: "ஒழுங்கையின் வாய்க்காலை நாங்களும் காலத்துக்குக் காலம் மறித்துள்ளோம். எமது மதில்களையும் அளந்து, வாய்க்காலை ஒழுங்கையில் இருந்து குளம் வரை மீளத் திறக்க உத்தரவிட வேண்டும்." கீழே, வாய்க்கால் மறிபட்ட இடங்களின் பட்டியல். முதலாவது எங்கள் வீடு.

வாசிகசாலை கொதித்தது. "உன்ரை வீட்டை நீ காட்டிக்குடு, எங்கடையை ஏன் காட்டிக்குடுக்கிறாய்?" "சபைக்காரன் வந்து மதிலை இடிக்கட்டும், அப்பத் தெரியும்." சேர் என்னை நேரே பார்க்கவில்லை. பின்வரிசை மாமா, "மெயின் பொயின்ரை வெட்டிப் போட்டாய்" என்றார்.

அப்போதுதான் கடைக்கார அண்ணை எழும்பினார். "நான் பலாலியிலை இருந்து வந்தனான். எனக்கு அப்ப பத்து வயசு. அண்டைக்கு இந்த ஒழுங்கையிலை ஒருத்தரும் இப்பிடிக் கடிதம் எழுதேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். எழுதினவையோ தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "என்ரை மதிலும் ஒரு அடி வெளியாலைதான் நிக்குது. அதையும் அந்தப் பட்டியலிலை போடு பிள்ளை" என்றார்.

அந்த ஒரு பேச்சில் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். 31 கையெழுத்து 19 ஆனது. போனவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் அப்பாவோடு கதைப்பதில்லை. வீட்டுக்காரர் மட்டும் என்ற பந்தியை எடுத்துவிட்டு வாடகைக்கு இருக்கிறவர்களிடமும் கேட்டோம். 12 பேர் வைத்தார்கள். பின் அறை அக்கா தன் பெயருக்குக் கீழே விலாசம் எழுதும்போது, "இந்த வீட்டு விலாசம்தானே போடணும்?" என்று கேட்டா. ஓம் என்றேன். திரும்பவும் 31.

கடிதம் சபைக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் போனது. ஆடியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ரேப் எடுத்துக்கொண்டு வந்தார். வந்து முதலில் அளந்தது எங்கள் மதிலை. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா, அப்பா உள்ளே போய்விட்டார்.

வென்றோமா என்று கேட்டால், ஓமென்று சொல்லத் தெரியவில்லை. வயல் முழுதாகத் தப்பவில்லை. கிறவல் கொட்டுவது கொஞ்ச மாதம் நின்றது. வரைபடத்தைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது 18 துண்டு 13 ஆகி, குளப் பக்கத்துப் பள்ளக் காணி திறந்தபடி விடப்பட்டு, நடுவே ஆறடி வாய்க்கால் காட்டப்பட்டிருந்தது. 13 வீடு வரும். அவற்றின் குழிகள் எங்கே வருமென்ற கணக்குக்கு ஆரும் பதில் தரவில்லை. திரும்பக் கேட்டிருக்கிறேன். முதலாவது துண்டை வாங்கியவர்கள் ஒரு தாதி உத்தியோகத்தரும் அவவின் அம்மாவும். அத்திவாரம் வெட்டின நாளில் ஒழுங்கை முழுக்கப் புக்கை கொடுத்தார்கள். பின்வரிசை மாமாவும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு விசயம் இன்னமும் மனதுக்குள் நிற்கிறது. நாங்கள் எல்லாரும் விழித்தது டிப்பர் வந்த பிறகு. நகர அபிவிருத்தி அதிகார சபை ஓர் இடத்துக்கு அபிவிருத்தித் திட்டம் வரைந்தால், அதைப் பொதுமக்கள் பார்க்கவும் ஆட்சேபம் சொல்லவும் 60 நாள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி வியாபாரம், எங்கே எத்தனை மாடி, எங்கே வெள்ளம் நிற்க விட வேண்டும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் நிறம் நிறமாக இருக்கும். அந்த 60 நாளில் கந்தோர்ப் பக்கம் போய்ப் பார்த்த ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. வரைபடம் வரையும்போது வராத நாங்கள், வேலிக்குப் பக்கத்தில் வீடு எழும்பும்போது வந்து நிற்கிறோம். அந்த நேரத்தில் கோபப்பட மிச்சம் இருப்பது வரப்போகிற மனிசர் மட்டும்தான். மூன்றாவது காரணம் அப்படித்தான் என் பேனைக்குள் வந்தது என்று நினைக்கிறேன். இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. எழுதினது நான்தான்.

பின் அறையை இடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தால் ஒன்றரை அடியில் வாய்க்கால் வெட்டி, முன் மதிலிலும் பின் மதிலிலும் ஓட்டை விட்டோம். அப்பா ஒவ்வொரு கல்லுக்கும் புறுபுறுத்தார். "பாம்பு வரும்" என்றார். "கள்ளன் வருவான்" என்றார். ஓட்டைக்குக் கம்பி அடித்த பிறகும் புறுபுறுத்தார்.

அந்த வருசம் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை. இரவு பன்னிரண்டு மணிக்கு அப்பா ரோச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். ஒழுங்கைத் தண்ணி முன் ஓட்டைக்குள்ளால் வந்து, அறையை உரசிக்கொண்டு, பின் ஓட்டைக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தா. அறைக்குள் தண்ணி இல்லை.

கோழிக்கூட்டுக்குள் வந்திருந்தது. அதை உயர்த்தி வைக்க ஆரும் நினைக்கவில்லை. மூன்று பேரும் அந்த இருட்டில் கோழி பிடித்தோம்.